அம்மா கேட்காத கேள்வி

மகள்: ...அப்போ அரை மணி நேரமா இந்த வராந்தாவுலதான் உட்கார்ந்திருக்கியா?

அம்மா: இருபத்தஞ்சு நிமிஷம். வெளிய இருங்க, பேசி முடிவு பண்ணிட்டுக் கூப்பிடறோம்னாங்க.

மகள்: பேசறாங்களா, தூங்கிட்டாங்களா?

அம்மா: மெதுவாப் பேசு, கதவு மெல்லிசு. நீ ஏன் பிராக்டீஸை விட்டுட்டு வந்தே?

மகள்: முடிச்சுட்டுத்தான் வந்தேன். கோச்சே துரத்திவிட்டார். உங்கம்மாவுக்கு இன்னைக்கு பிஎச்.டி. வைவா, போய்ப் பக்கத்துல இருன்னார்.

அம்மா: அதுக்காக ஆணி வெச்ச ஸ்பைக்ஸ் ஷூவோடயா வருவாங்க? தரை கீறுது பாரு, கழட்டு.

மகள்: கழட்டறேன், கழட்டறேன்... அம்மா, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிட்டிருக்கே.

அம்மா: இல்லையே.

மகள்: ஓட வர்றவங்களுக்கெல்லாம் சொல்லித் தருவியே, மூச்சை இழுத்து நாலு எண்ணணும்னு. எண்ணேன்.

அம்மா: எண்ணினேன். நானூறைத் தாண்டிப் போயிட்டிருக்கு.

மகள்: விளையாட்டு மனநல டாக்டராம்... உனக்கே ஒரு டாக்டர் வேணும் போலிருக்கே. உள்ள என்னதான் கேட்டாங்க?

அம்மா: காயம் பட்டவங்க திரும்ப ஓட வரும்போது உடம்பு ஆறியும் பயம் ஏன் ஆற மாட்டேங்குதுன்னு நான் எழுதினேன் இல்ல... அதை ஒன்றரை மணி நேரம் துருவினாங்க. அது பரவாயில்லை. கடைசியில வெளியூர்லேர்ந்து வந்த எக்ஸாமினர் அம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு ஒண்ணு கேட்டாங்க. இந்த நாலு வருஷப் பயிற்சியில உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான நாள் எதுன்னு.

மகள்: என்ன சொன்னே?

அம்மா: ஒண்ணுமே செய்யாம இருந்த ஒரு நாள்னு சொன்னேன்... தண்ணி வெச்சிருக்கியா?

மகள்: இந்தா. அது எந்த நாள்னு எனக்குத் தெரியும்.

அம்மா: தெரியாது.

மகள்: நான் உன்கிட்ட கத்தின நாள்தானே? தடை ஓட்டத்துல விழுந்து முட்டி உடைஞ்சு, ஆறு மாசம் கழிச்சு முதல் தடவை ஓடப் போய், பாதியில நின்னு அழுதுட்டு வந்தேன். சாப்பிட உட்கார்ந்தா, "பயம் பத்துக்கு எத்தனைன்னு சொல்லு"ன்னு கேட்டே.

அம்மா: கேட்டிருக்கக் கூடாது.

மகள்: நானும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு டாக்டர் வேண்டாம், அம்மா இருந்தாப் போதும்னு...

அம்மா: நீ சரியாத்தான் சொன்னே. சொந்தப் பிள்ளைக்கு நாங்க பார்க்கக் கூடாது. விதியே அதுதான். படிச்சுட்டு வந்து அன்னைக்கு மறந்துட்டேன்.

மகள்: அதுக்காக எட்டு மாசமா ஒரு வார்த்தை கேட்கலையே, அம்மா. காலையில கிரவுண்டுல இறக்கிவிடறே, ஷூவைக் காய வெக்கறே, கஞ்சி மாதிரி எதையோ கலந்து தர்றே... ஓட்டம் எப்படிப் போகுதுன்னு ஒரு தடவை கேட்டிருக்கியா? தீசிஸ்தான் பெரிசு, நான் எக்கேடு கெட்டா என்னன்னு...

அம்மா: அப்படியா நினைச்சே?

மகள்: சில நாள்.

அம்மா: ...கதவு திறக்குது. எழுந்திரு.

பேராசிரியர்: அம்மா, திருத்தம் நாலு இடத்துல இருக்கு, சின்னதுதான். மூணு மாசத்துல குடுத்துடுங்க. மத்தபடி... வாழ்த்துகள், டாக்டர்.

அம்மா: சார்...

பேராசிரியர்: அந்தக் கடைசிப் பதில்லதான் எக்ஸாமினர் மேடம் மனசை முழுசா ஜெயிச்சீங்க. அஞ்சு நிமிஷத்துல உள்ள வந்து கையெழுத்துப் போடுங்க. இவங்க?

அம்மா: என் பொண்ணு, சார்.

பேராசிரியர்: ஓ... சரி, சரி. பேசிட்டு வாங்க.

மகள்: டாக்டரம்மா... ஏய், அழாதே. எல்லாரும் பார்க்கறாங்க.

அம்மா: பார்க்கட்டும்.

மகள்: அம்மா, போன வாரம் நான் பத்து தடையும் தாண்டிட்டேன். நிக்காம.

அம்மா: நிஜமாவா? மூணாவதும்?

மகள்: மூணாவதும்... இரு, மூணாவதுலதான் நிப்பேன்னு உனக்கு யார் சொன்னது? சரி, அதை விடு. நான் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதே. நானா தாண்டலை. உன்கூடப் பயிற்சியில இருக்காரே, அந்த உயரமா ஒருத்தர்... ஏழு மாசமா அவர்கிட்டதான் போயிட்டிருக்கேன். உன் பொண்ணுன்னு சொல்லலை. உன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு... உன்கிட்ட வராம இன்னொருத்தர்கிட்ட போறேன்னா உனக்கு வலிக்குமேன்னு.

அம்மா: தெரியும், கண்ணு. ஒரு நாள் மீட்டிங்ல அவர் பேர் சொல்லாம ஒரு கேஸ் சொல்ல ஆரம்பிச்சார். இருபது வயசுப் பொண்ணு, தடை ஓட்டம், மூணாவது தடைகிட்ட கால் நின்னுடுதுன்னார். அடுத்து, "அவங்க அம்மாவைப் பத்தி"ன்னு வாயெடுத்தார். இது எனக்குத் தெரிஞ்ச பொண்ணு, நான் கேட்கக் கூடாதுன்னு சொல்லி எழுந்து வெளிய வந்துட்டேன். ஒண்ணுமே செய்யாம இருந்த நாள்னு உள்ள சொன்னேனே, அது அன்னைக்குத்தான். அதுலேர்ந்து அவர் இங்க கேஸ் பார்க்கற செவ்வாய்க்கிழமை நான் இந்தக் கட்டிடத்துப் பக்கமே வர்றதில்லை. என்னைப் பத்தி அவர்கிட்ட நீ என்ன சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது... நீயும் சொல்லிடாதே.