தைல சீசாவுக்கு ஒரு மூஞ்சி

"ஹலோ... ஹலோ, பிரஸ்ஸா... லேபிள் எழுதற மணவாளன் பேசறேன், பூந்தமல்லிலேந்து... ஆமா, ஆமா, அவனேதான். ஃபோர்மேன் ராஜசேகரன் அண்ணாத்தே கீறாரா... கொஞ்சம் கூப்டுங்க. மிஷின் ஓட்றதுக்குள்ள பேசணும்."

எத்திராஜின் அரிசி மில் ஆபீஸில் நின்றபடி மணவாளன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மில்லின் சாக்குகளுக்கு இரட்டை மான் மார்க் எழுதிக் கொடுத்தவன் என்பதால் இந்த டெலிபோனில் அவனுக்கு ஒரு சலுகை. சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கத்தித்தான் பேச வேண்டும். காலையில் தைலக்காரர் வீராசாமியின் ஆள் கொண்டுவந்து கொடுத்த புரூப் தாள், மாதிரிக்கு அடித்த லேபிள், மேசைமேல் விரிந்து கிடந்தது. வீராசாமி கூந்தல் தைலம். சுற்றி ஓடும் மல்லிகைக் கொடி அவன் போட்டது. எழுத்தும் அவனுடையது. நடுவில் இருந்த முகம்தான் அவன் வரைந்ததல்ல. அது அவன் தங்கை பூங்காவனத்தின் முகம்.

"அண்ணாத்தே... ஆங், நான்தான்... பாத்தேன், பாத்தேன். கலர் நல்லாத்தான் கீது... செவப்பு கொஞ்சம் தூக்கலு, அத்த உடுங்க. மூஞ்சி அண்ணாத்தே, மூஞ்சி. அது எப்டி அங்க வந்துச்சு... போட்டோ நான் அனுப்பினதுதான். போடறதுக்கு அனுப்பலியே."

ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த போட்டோ அது. பின்னல் தோளில் எப்படி விழுகிறது என்று பார்த்து எழுதுவதற்காக வீட்டிலிருந்து எடுத்துவந்தவன், எழுதி முடித்ததும் தன் படத்தின் பின்னாலேயே குண்டூசி குத்தி வைத்துவிட்டான். அப்படியே கவரில் போய்விட்டது. பிரஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டு. போலிச் சரக்குக்குப் பயந்து முதலாளிமார் தங்கள் மீசையோடு கூடிய போட்டோவை லேபிளில் போடச் சொல்வார்கள். அதற்கு அடையாளம், படத்தின் பின்னால் குத்தியிருக்கும் போட்டோ. யாரும் யாரையும் கேட்பதில்லை. போட்டோவைப் பார்த்து அச்சுக் கல்லில் அப்படியே எழுதிவிடுவார்கள்.

"உங்களச் சொல்லல... குண்டூசிய எடுக்காதது நான்தான், ஒத்துக்கறேன்... அது யாருன்னு தெரியுமா. என் தங்கச்சி... கூடப் பொறந்தவதான்... சேக்காட்டுலேந்து வர்ற வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வராங்க. மாப்ளயோட நைனா ஆவடியில மளிகைக் கட வச்சிக்கீறாரு. வீராசாமி சரக்கு மொதல்ல எறங்கறதே அங்கதான்... சிரிக்காதீங்க அண்ணாத்தே. தம் மருமவளா வரப்போறவள அந்த மனுசன் சீசா சீசாவா அடுக்கி வச்சி விக்கணுமா."

அந்தப் பக்கம் பேச்சு நீண்டது. மணவாளன் உம், உம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் தோள் இறங்கியது.

"வீராசாமி அப்டியா சொன்னாரு... நான் எழுதினது பொம்ம மாதிரி கீதா... சரி. சரி, பொம்மதான். பொம்மையாத்தான் இருக்கணும்ன்றேன். இத்தக் கேளுங்க. தைலம் வாங்க வர்றவ எழுத்துக் கூட்டிப் படிக்கறவ இல்ல. கைய நீட்டி அந்தப் பொம்ம போட்டது குடுன்னுதான் கேப்பா. அது யாரு மாதிரியும் இருக்கக் கூடாது. அப்பத்தான் வாங்கற ஒவ்வொருத்தியும் அது நாம்பதான்னு நெனச்சிப்பா. போட்டோன்னா அது ஒருத்தி. யாரு இவ, எந்த ஊரு, யாரு ஊட்டுப் பொண்ணுன்னு பேச்சு அங்க போயிடும். தைலத்த யாரு கேப்பாங்க."

போட்டோவின் மேல் அவனுக்குப் பகை ஒன்றுமில்லை. சொல்லப்போனால் பித்து. மவுண்ட் ரோடில் ஸ்டூடியோ கண்ணாடிகளுக்கு முன்னால் நின்று பஸ்ஸைத் தவறவிட்டவன். பென்சிலுக்கு அடங்காத ஒரு முடி, கண்ணுக்குக் கீழே ஒரு நிழல், இதெல்லாம் அந்தப் பெட்டிக்கு மட்டும் எப்படி அகப்படுகிறது என்று யோசித்து யோசித்துக் களைத்தவன். ஆனால் அதே போட்டோ லேபிளுக்கு வரும்போது வேறொன்றாகிவிடுகிறது. அதையும் சொன்னான்.

"கன்னத்துல நெழலுக்குப் புள்ளி வச்சிக்கீறீங்க இல்ல... இருங்க, இருங்க, வேல சுத்தம், அதுல கொறையில்ல. காயிதம் மட்டம் அண்ணாத்தே. மை ஊறி ஒவ்வொரு புள்ளியும் பரவிகீது. அம்ம வாத்த மூஞ்சி மாதிரி கீது. வர்றவங்க என் தங்கச்சிய நேர்ல பாக்கறதுக்கு மின்னாடி இத்தப் பாத்தா இன்னா நெனப்பாங்க... வேற கல்லுல எழுதுங்களேன்... ஏன்... ஆமா, சண்ட நடக்கச்சொல்ல ஜெர்மன் கல்லுக்கு எங்க போறது... அப்ப இதே கல்லுலதான் சொரண்டணுமா. இப்பவேவா. நான் வர்ற வரைக்கும்... சரி, சரி. மத்தியானம் மிஷின்ல ஏத்திடுவீங்க. சரி, சொல்றேன், எழுதிக்குங்க."

புரூப் தாளை வெளிச்சத்துக்கு நகர்த்தினான்.

"காதுக்குக் கீழ மச்சம். எடுத்துடுங்க... புரூப்புல வலப்பக்கம், கல்லுல உங்களுக்கு எடப்பக்கம்... ஆமா ஆமா, உங்களுக்கே சொல்லித் தரேன் பாருங்க. காது பெரிசு, எங்க நைனா காது. முடியால மூடிடுங்க. நெத்தி சின்னது, மேல ஏத்துங்க. எட புருவத்துல ஒரு வெட்டு கீது பாருங்க... கெணத்தாண்ட வழுக்கி உழுந்தா... ரத்தம் நிக்கவே இல்ல, நான்தான் தூக்கிகினு... அது எதுக்கு இப்ப. ரொப்பிடுங்க."

ஒன்றாய் வளர்ந்தவளை அவன் இதுவரை இப்படிப் பார்த்ததே இல்லை. அழிப்பதற்காக ஒவ்வொன்றாய்ச் சொல்லும்போதுதான் எல்லாம் தெரிந்தது. ஒரு கண் மற்றதைவிடச் சிறிது. மூக்கு நுனியில் ஒரு சின்னப் பள்ளம். சொல்லச் சொல்ல அங்கே ஒரு கத்தி அதைச் சுரண்டிக்கொண்டே வந்தது.

"கண்ணு ரெண்டும் ஒண்ணா ஆக்குங்க. பெரிசாவே போடுங்க... மூக்கு நேரா... ஆமா அண்ணாத்தே. ஆமா. நான் எழுதி அனுப்பின பொம்மதான் திரும்ப வருது... எனக்கு இதுல சந்தோசம் ஒண்ணும் இல்ல... ஹலோ, யாரு... டெலிபோன் ஆபீஸ் அம்மாவா, முடிச்சிட்றேம்மா, இன்னும் ஒரே ஒரு பேச்சு... அண்ணாத்தே, இன்னா கேட்டீங்க... வாயா."

வாய். ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பின்பக்கத்தை மட்டும் ஆட்டியதைப் பார்த்து அவளால் அடக்க முடியவில்லை. பல் தெரியச் சிரித்துவிட்டாள். வேறு எல்லாம் போனாலும் இது ஒன்று போதும். பூந்தமல்லியில் எவரும் பெயர் சொல்லிவிடுவார்கள்.

"நல்லாத்தான் கீது. எனக்குத் தெரியாதா... இப்டி ஒண்ணு என் கைக்கு வராது அண்ணாத்தே. எத்தினி வருசம் எழுதினாலும் வராது... வீராசாமிக்கு அதான் புடிச்சிதா. புடிக்கும்..."

மில் பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது.

"இல்ல. மூடிடுங்க. ரெண்டு உதட்டையும் சேத்து ஒரு கோடு, போதும்... ஆமா, எல்லா லேபிள்லயும் இருக்கறாப்ல... சொரண்டிட்டு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் லைன்லயே கீறேன்... சொரண்டறீங்களா... அண்ணாத்தே... ஹலோ..."

டெலிபோன் ஆபீஸில் லைனை வெட்டிவிட்டார்கள். கம்பியில் இரைச்சல்கூட இல்லை.