தேயிலைத் தோட்டத்தில் விழுந்த மீன்

வலங்கைமான் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு வாலிபர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னல் பக்கம் இருந்தவன் சொன்னான்.

"மீன் தேயிலைத் தோட்டத்துல போய் விழுந்துடுச்சு மாப்ள."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஊட்டிக்குத் தூண்டில் போடவாடா போனீங்க?"

"நாலு பேரும் கார்ல சுத்தத்தான் போனோம். மேல ஒரு ஆறு. இறகுல செஞ்ச பொய் ஈ ஒண்ணத் தூண்டில்ல கட்டி வீசணும். புடிச்ச மீன உயிரோட ஆத்துலயே விட்டுடணும். செத்துப்போனா எல்லாரும் கெளம்பிடணும்னு கைடு முதல்லயே சொல்லிட்டார்."

"நீ என்ன பண்ண?"

"கடிச்சதும் நம்ம வாய்க்கால்ல கெளுத்தி புடிக்கிற மாதிரி சுண்டி இழுத்துட்டேன். முள்ளுலேருந்து கழண்டு தலைக்கு மேல பறந்துடுச்சு."

"அங்கயும் போய் வாய்க்கால் புத்தியக் காட்டிட்டியா."

"நாலு பேரும் செடிக்குள்ள பூந்து தேடுனோம். கிடைச்சுது. அசைவே இல்ல. தண்ணிக்குள்ள கையில ஏந்திக்கிட்டு நிக்கிறேன். குளிர்ல கை மரத்துப்போச்சு. கைடு என் மூஞ்சியவே பார்க்கிறார்."

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றிருந்தது. ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள். கண்டக்டர் அந்த சீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"பொழச்சுதா இல்லையா தம்பி?"

"வால மெதுவா ஆட்டுச்சுண்ணே. அப்புறம் ஒரே உதறு. கைய விட்டு ஓடிப்போச்சு."

கண்டக்டர் விசில் ஊதினார்.