போதும் என்று சொல்லும் ஊசி

"ஹலோ… ஹலோ, பாய்ஜான்! கேக்குதா?… ஆமா, ஆமா, ஷகுஃப்தாதான்… அந்தச் சத்தமா? அரீபா. சமையலறைக் கதவை உதைக்கிறா… இல்ல பாய்ஜான், இப்பத்தான் சாப்டா. பெசஞ்சு வெச்ச மாவையும் பச்சையா அள்ளித் தின்னுட்டா. அதான் சமையலறையப் பூட்டிட்டேன்."

ஃபைசலாபாதில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மகள் அரீபாவின் வைத்தியம் பற்றி, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் இருக்கும் அண்ணனின் இந்த ஒரு பதிலுக்காகத்தான் ஷகுஃப்தா ரம்ஜானிலிருந்து காத்திருந்தாள்.

"சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாரு?… ம்… ம்… அது தெரியுமே. எல்லாருக்கும் உடம்புல ஒரு சுரப்பு தானா ஊறுமாம், 'போதும், வயிறு நெறஞ்சுது'ன்னு மூளைக்குச் சொல்லுமாம். இவளுக்கு ஊறவே இல்ல. லாகூர் டாக்டரம்மாவும் அதத்தான் சொன்னாங்க… உங்க பொண்ணு மஹ்னூருக்கும் அதே கோளாறுதானே? அவளுக்குப் போடுற ஊசியத்தானே கேக்குறேன்?… ஆராய்ச்சிக்குன்னு தர்றதா?… அங்க இருக்குற புள்ளைங்களுக்கு மட்டும்தானா?… சரி, சரி. புரியுது."

அவளுக்குப் புரியவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கம்பெனிக்காரங்க தர மாட்டாங்களா?… சும்மா குண்டா இருக்குறவங்களுக்கெல்லாம் போட்டுப் பாத்தாங்களா? அவங்களுக்கு மருந்து கேக்கலயா?… அதனால செய்யறதையே கொறச்சுட்டாங்களா! அடப் பாவிங்களா, அவங்களுக்குக் கேக்கலன்னா எம்புள்ள என்ன செய்வா?… நான் உங்கள திட்டல பாய்ஜான். யாரத் திட்டுறதுன்னு தெரியல."

கதவருகிலிருந்து அரீபாவின் இருமல் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேட்டீங்களா? நெஞ்செல்லாம் சளி. போன குளிர்ல எம்பையன் தைமூருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவனுக்கும் இதே கோளாறு, யாருக்குத் தெரிஞ்சுது? தெருவே சிரிச்சுது. 'நல்லா கொழுக்க வெச்சிருக்கே'ன்னு மாமியார் சொன்னாங்க. இந்தக் கோளாறுல சளியத் தாங்குற சக்தியும் இருக்காதாமே; ஒரே வாரம், போயிட்டான்… பாய்ஜான், ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்காதீங்க. மஹ்னூருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுட்டு, மிச்சத்த…"

அந்தப் பக்கம் அண்ணன் அழத் தொடங்கினார்.

"…தெரியும். தெரியும், நான் அதக் கேட்டிருக்கக் கூடாது. நானா இருந்தாலும் தர மாட்டேன்… அழாதீங்க. ஆம்பள நீங்களே அழுதா நான் எங்க போவேன்?… அண்ணிகிட்ட சொல்லாதீங்க, நான் கேட்டத… மஹ்னூர் பக்கத்துல இருக்காளா? குடுங்களேன்."

துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரலில் சிரிப்பை வரவழைத்தாள்.

"வஅலைக்கும் ஸலாம்டா கண்ணு! அத்தை நல்லாருக்கேன்… ஆமா, அரீபாவும் நல்லாருக்கா. ஒண்ணு சொல்லேன், இன்னிக்கு என்ன சாப்ட?… புலாவா! முழுசாவா?… பாதிதானா? மீதிய யாரு புடுங்குனா?… யாரும் புடுங்கலயா? நீயாவே வெச்சுட்டுப் போயிட்டியா?… வெளையாடவா!"

கதவு மறுபடி அதிரத் தொடங்கியது. ஷகுஃப்தா ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன்டா வெச்சுட்டே?… போதும்னு தோணிச்சா… அது எங்கடா தோணும்? வயித்துலயா, தொண்டையிலயா?… சிரிக்காத, நெசமாத்தான் கேக்குறேன். அரீபா கேட்டா நான் என்னன்னு சொல்றது?… இந்தச் சத்தத்துல கேக்கல, இன்னொரு தடவ சொல்லு. மெதுவா… மஹ்னூர்?… ஹலோ?… ஹலோ?"