மொரோக்கோவில் கழற்றிய செருப்பு

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் காரைநகர்ப் படகுக்காக நின்றுகொண்டிருந்தேன். நான் ஒட்டுக்கேட்கவில்லை, முன்னால் நின்ற இரண்டு பெண்களின் பேச்சைக் காற்றுத்தான் கொண்டுவந்தது. மூத்தவர் சொன்னார்:

"அரண்மனை வாசலிலை செருப்பைக் கழட்டி வைச்சிட்டுத்தான் உள்ளுக்குப் போனனான்."

"எந்த அரண்மனை, அக்கா?"

"மொரோக்கோவிலை. பிரான்சிலை இருக்கிற மகள் கூட்டிக்கொண்டு போனவள். முந்தி அரண்மனையாம், இப்ப மியூசியம்."

"அங்கை செருப்போடை போகலாம்தானே?"

"ஓம், எல்லாரும் சப்பாத்தோடைதான் போனவை. 'இது கோயில் இல்லை அம்மா, எனக்கு வெக்கமாக் கிடக்கு, போடுங்கோ' எண்டு மகள் ஏசினவள். எனக்கு மனம் வரேல்லை."

"ஏன்?"

"நிலம் முழுக்க நகத்தளவு ஓட்டுத் துண்டுகள். ஒவ்வொண்டும் கையாலை வெட்டிப் பதிச்சதாம். உள்ளங்காலுக்குக் குளிர்ந்துகொண்டு கிடந்தது. மேலை பாத்தால், மரக்கூரை முழுக்கப் பூ வரைஞ்சிருக்கு. கதிரை, கட்டில் ஒண்டும் இல்லை. வெறும் அறை. அதுக்கே எனக்குக் கண் கலங்கிப்போச்சு."

"பிள்ளை பிறகும் ஏசினவளோ?"

"இல்லை. சத்தத்தைக் காணேல்லை எண்டு திரும்பிப் பாக்கிறன். சப்பாத்து ரெண்டையும் கையிலை வைச்சுக்கொண்டு, அண்ணாந்தபடி நிக்கிறாள்."