மூன்று குடிக்கு மூன்று பங்கு

விளங்காத மாணவனை நான் ஒருநாளும் ஏசியதில்லை. ஒருவனுக்கு விளங்கவில்லை என்றால் பிழை விளக்கியவனுடையது. களுவாஞ்சிக்குடியில் இருபத்திரண்டு வருடமாகக் கணினி படிப்பிக்கிறேன். யாரிடமும் கேட்டுப் பாருங்கள். அதனால்தான் உங்கள் விசாரணை அறிக்கை எனக்குக் கோபமூட்டியது. ‘பூட்டிய முறை பிழைத்ததால் ஒலிப்பதிவுகளைத் திறக்க முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். முறை பிழைக்கவில்லை. விளக்குகிறேன், கேளுங்கள்.

வயல்வட்டையில் நேராக வரம்பு கட்ட இரண்டு முளை அடித்துக் கயிறு இழுப்பார்கள். ஒரு முளை மட்டும் இருந்தால் கயிறு எந்தத் திசைக்கும் போகலாம். இரண்டாவதையும் அடித்துவிட்டால் ஒரே கோடுதான். கணினித் தரவைக் காப்பது பற்றி ஆட்கள் யோசிக்கத் தொடங்கியிருந்த எழுபதுகளின் இறுதியில், இரண்டே பக்கத்தில் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. அதன் யோசனையும் இதுதான். ஒரு கோடு வரை. அது வயலோர வாய்க்காலை வெட்டும் இடம்தான் பூட்டுக்கான இரகசியத் திறப்பு. கோட்டில் மூன்று புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாக எழுதி மூன்று பேருக்குக் கொடு, கோட்டை அழித்துவிடு. எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கலாம். தனி ஒருவரால், உலகத்துக் கணினியெல்லாம் அவர் பக்கம் நின்றாலும், முடியாது. அதை முதலில் வாசித்த அன்று எனக்குப் பசி மறந்துபோனது.

என்னிடம் படித்த யசோதினி, காணாமற்போனவர்களின் தாய்மார் இருநூற்றுப் பதினான்கு பேரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்திருந்தாள். தாயை அறையில் தொலைபேசியோடு தனியே விடுவாள், தானும் கேட்கமாட்டாள். விசாரணை வரும்வரை அவற்றைக் காக்க வழி கேட்டு என்னிடம் வந்தாள். இந்த முறை தாய்மாருக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் கோயில்களில் பொறுப்புகளைத் தாய்வழிக் குடிகள்தான் பிரித்துக்கொள்ளும். அதேபோல் இதிலும் மூன்று குடிக்கு மூன்று பங்கு என்றார்கள். ஒன்று யசோதினிக்கு, ஒன்று தாய்மாரில் ஒருத்தியான ஆச்சிப்பிள்ளைக்கு.

“என்ட குடிக்குத் தாற பங்கு மத்தக் குடிட பங்க விடச் சின்னனில்லத்தானே மனே?” என்று ஆச்சிப்பிள்ளை கேட்டாள்.

“எல்லாம் ஒரே நீளம், மாமி.”

“அப்ப சரி. கோயிலெண்டா இதுக்கே ரெண்டு நாள் சண்ட நடக்கும்.”

மூன்றாம் குடியில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆகவே மூன்றாவது எனக்கு. பங்கு எந்தக் குடிக்கு என்று ஒரு மணிநேரம் பேசினார்கள். எந்த ஆளுக்கு என்று யாரும் கேட்கவில்லை. பங்கு பிரிப்பவன் முழுக் கோட்டையும் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும், அது இந்த முறையின் பலவீனம் என்பதையும் நான் மறைக்கவில்லை.

“நீங்கதானே சேர்,” என்றாள் யசோதினி.

பூட்டுமுன் பதிவுகளைச் சரிபார்த்தேன். முப்பத்தேழாவது ஆச்சிப்பிள்ளையுடையது. மகன் உதயரூபனைப் பிடித்துக்கொண்டுபோன நாளைச் சொல்கிறாள். “தலையாட்டினவன்ட முகம் சாக்குக்குள்ள. ஆனா ஒரு கால்மேல மறுகால வெச்சு நிண்டான். அப்பிடி நிக்கிற பொடியனுக்கு நான் எத்தின நாள் சோறு போட்டிருக்கன்.” பெயரையும் சொல்கிறாள். என் பெயர்.

குரலில் நடுக்கமில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்துகொண்டே, மகனைக் கூப்பிடுவதுபோல் என்னை மனே என்று கூப்பிட்டிருக்கிறாள். முகத்தில் துப்பியிருக்கலாம். அதைச் செய்யாமல் ஒரு தொலைபேசிக்குச் சொல்கிறாள். அந்த வஞ்சகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

நியாயமாகப் பாருங்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்த இராணுவத்தினர் தலையில் சாக்கைக் கவிழ்த்து, ஒருவனைத் தலையாட்டிக் காட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வரிசையில் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். உதயரூபன் மட்டும் என் கால்களைப் பார்த்தான். பிறகு சாக்கின் கண்துளையைப் பார்த்துச் சிரித்தான். இரகசியம் தெரிந்தவனை வெளியே விட முடியாது. தலையாட்டினேன்.

முப்பத்தேழை மட்டும் அழித்திருக்கலாமே என்பீர்கள். ஒன்று குறைந்தால் அதில் என்ன இருந்தது என்று தேடுவார்கள். எல்லாம் திறக்காமல் போனால் முறையைத்தான் குறை சொல்வார்கள். ஆச்சிப்பிள்ளைக்கோ நெஞ்சில் நோய் முற்றியிருந்தது. இன்னொரு தடவை சொல்ல இருக்கமாட்டாள். ஆகவே கோட்டில் இல்லாத மூன்று எண்களை மூன்று குடிக்கும் கொடுத்தேன். தொலைபேசியிலிருந்த மூலப் பதிவுகளை, பாதுகாப்புக்காக, அவர்கள் கேட்டபடியே, அவர்கள் கண்முன்னே அழித்தேன்.

விசாரணை தொடங்கியபோது ஆச்சிப்பிள்ளை உட்பட ஐம்பத்திரண்டு தாய்மார் இறந்திருந்தார்கள். அவளுடைய பங்கை மகள் தெய்வமணி கொண்டுவந்தாள். அதையும் யசோதினியின் எண்ணையும் சேர்த்துப் போட்டார்கள். வந்தது வெறும் இரைச்சல்.

“நான்தான் சேர் எழுதேக்க இலக்கத்தப் பிழையா எழுதிட்டன் போல,” என்று யசோதினி அழுதாள்.

என்மீது ஒரு சந்தேகமும் அவளுக்கு வரவில்லை. அந்த மடத்தனம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் நான் ஏசவில்லை. நான்கு நாள் பக்கத்தில் இருந்து, ஒவ்வோர் இலக்கமாக, பொறுமையாகச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

இனிச் சரியான எண்களைக் கேட்பீர்கள். ஆச்சிப்பிள்ளை இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கில் சோறு உண்டுவிட்டு வந்து அவற்றை எரித்தேன். இருநூற்றுப் பதினான்கு குரலும் உள்ளே அப்படியே இருக்கின்றன. இனி எவனும் அவற்றைத் திருடவோ திரிக்கவோ முடியாது. அந்தத் தாய்மாருக்கு நான் கொடுத்த வாக்கு அதுதான். அதில் நான் ஒரு சொல்லும் தவறவில்லை.