தாளிக்காத வீடு

இருந்தவர்கள்: மாடக்கண்ணு, மின்வாரிய லைன்மேன், போன வருஷம் நெஞ்சுவலி வந்து பிழைத்தவர். வள்ளித்தாய், அவர் மனைவி, உள்ளறையில் தாழ் போட்ட கதவுக்கு அந்தப் பக்கம். இசக்கியப்பன், அவள் தம்பி, ராணுவ மருத்துவமனையில் வேலை, லீவில் வந்தவன். இடம் குத்துக்கல்வலசை. 1984, ஆடிச் சாரல்.

மாடக்கண்ணு: ...அதை ஏம்ல வீட்டுக்குள்ள கொண்டாந்தே? ஒங்கக்கா பாத்தா வெளக்குமாத்தைத் தூக்குவா.

இசக்கியப்பன்: தூக்கட்டும் அத்தான். அதுக்காவது வெளிய வருவாள்லா. யக்கா! மூசா கடைல ஆட்டு மூளை வாங்கியாந்திருக்கேன். கதவைத் தொற.

வள்ளித்தாய்: வெளிய கொண்டு போடே. இந்த வீட்ல கவிச்சி நொழைஞ்சு ஒரு வருசமாச்சு.

இசக்கியப்பன்: திங்கதுக்கு இல்லக்கா. பாக்கதுக்கு.

மாடக்கண்ணு: கேட்டியா வள்ளி, ஒந்தம்பி மூளைக்குக் கண்காட்சி வைக்கான். இவனுக்கு இருந்ததைப் பட்டாளத்துல கழட்டிட்டானுவ போல.

இசக்கியப்பன்: நீரு சும்மா இரும். எப்ப இருந்து இப்படி இருக்கா?

மாடக்கண்ணு: தை மாசத்துல கோலம் போடுதத விட்டா. பொறவு தலை சீவுதத விட்டா. இப்ப கதவு. பேய்னு சொல்லுதாவ. அருவில கொண்டு நிப்பாட்டுங்கன்னாவ...

இசக்கியப்பன்: நிப்பாட்டுனியளா?

மாடக்கண்ணு: நிப்பாட்டுனேன். எனக்கு எண்ணெ தேய்க்க வந்தவனை வெரட்டிட்டா. தோல் வழியா எண்ணெ எறங்கி என் நெஞ்சை அடைச்சிருமாம். குத்தாலத்துல எண்ணெ தேய்க்காமக் குளிச்ச ஒரே ஆம்பள நாந்தாம்ல.

இசக்கியப்பன்: டாக்டர் எண்ணெயே கூடாதுன்னாரா?

மாடக்கண்ணு: கொறைங்கன்னாரு. இவ, நான் பொழைச்சா ரெண்டு பேரும் எண்ணெயும் கவிச்சியும் தொடமாட்டோம்னு கீழப்பாவூர் நரசிம்மர்கிட்ட நேந்துக்கிட்டு நிறுத்தியே புட்டா. தாளிக்கக்கூட மாட்டா.

வள்ளித்தாய்: பொழைச்சு நிக்கியள்லா. சிரிங்க.

இசக்கியப்பன்: அக்கா... நெசமாச் சொல்லு. உள்ள என்ன செய்யுதே?

வள்ளித்தாய்: ஒண்ணுஞ் செய்யல. செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

இசக்கியப்பன்: அழுதியா?

வள்ளித்தாய்: அழுகை வரமாட்டேங்குடே. அதான் பயமாயிருக்கு. கெணத்துப் பக்கம் போனா கால் தன்னால நிக்குது. அதான் தாழ் போட்டுக்கிட்டேன்.

மாடக்கண்ணு: ஏட்டி... என்னட்டி சொல்லுதே?

இசக்கியப்பன்: அத்தான், செத்த பேசாம இரும். அக்கா, நான் சொல்லுததைக் கேளு. எங்க டாக்டர் மேஜர் ஒருநாள் ஒரு மனுச மூளையக் கைல வச்சுக் காட்டுனாரு. தண்ணியை நீக்கிட்டா மீதில பாதிக்கு மேல என்ன தெரியுமான்னாரு. பொறவு அவரே கொழுப்புன்னாரு.

மாடக்கண்ணு: அட போலே! கொழுப்பு வயித்துலதாம்ல இருக்கும்.

இசக்கியப்பன்: நீரு லைன்மேன்தான? வீட்டுக்குள்ள இழுக்குத ஒயருக்கு மேல என்ன இருக்கு?

மாடக்கண்ணு: ரப்பர். இல்லைனா பிளாஸ்டிக்.

இசக்கியப்பன்: நரம்புக்கு மேல கொழுப்பு. சுருள் சுருளாச் சுத்தி வச்சிருக்கு. அது தேஞ்சு போச்சுன்னா சேதி போய்ச் சேராது.

மாடக்கண்ணு: ஏ யப்பா... ஒயரை இழுத்தது யாரு, உறையப் போட்டது யாரு? நாங்க ஒரு தெருவுக்கு இழுக்கதுக்கே நாக்குத் தள்ளுது.

வள்ளித்தாய்: ...அந்தக் கிண்ணத்தைக் கதவுகிட்ட வையி.

மாடக்கண்ணு: தாழ்ப்பாளை எடுக்கா மாப்ள!

இசக்கியப்பன்: சத்தம் போடாதியும். இந்தாக்கா. விரலால தொட்டுப் பாரு.

வள்ளித்தாய்: வெண்ணெ மாதிரி இருக்கு... இம்புட்டுதானா?

இசக்கியப்பன்: நமக்கு இன்னும் பெருசு. அமைப்பு இதேதான்.

வள்ளித்தாய்: அம்மை செத்தன்னைக்கு அழுதது... இவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தப்ப கத்துனது... எல்லாம் இந்த மாதிரி ஒரு வெண்ணெய்க்குள்ளயாடே இருந்துச்சு?

இசக்கியப்பன்: ஆமாக்கா.

வள்ளித்தாய்: அருவியைப் பாத்துக்கூட எனக்கு இப்படிப் புல்லரிச்சதில்ல. அப்ப... கொழுப்பு கொறைஞ்சா மனசு இருட்டுமா?

இசக்கியப்பன்: அப்படி அவரு அடிச்சுச் சொல்லல. ஒரு சம்பந்தம் இருக்கும்போலன்னு சந்தேகப்படுதாவளாம். எண்ணெ தின்னாப் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்குப் பாளையங்கோட்டைல மனசுக்குப் பாக்குத டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். நான் சொல்லுதது ஒண்ணுதான். இது பேயும் இல்ல, பாவமும் இல்ல. ஒடம்பு.

மாடக்கண்ணு: அது எப்படிரா? ரெண்டு பேரும் ஒரே சட்டிச் சோறுதான தின்னோம். எனக்கு ஒண்ணும் ஆவலையே?

வள்ளித்தாய்: கேட்டியா தம்பி? அவருக்கு ஒண்ணும் ஆவல. அப்ப கோளாறு ஒடம்புல இல்ல. நாந்தான் கெட்டவ.

இசக்கியப்பன்: அத்தான்.

மாடக்கண்ணு: என்னல மொறைக்கே?

இசக்கியப்பன்: அக்கா எலும்பா நிக்கா. ஒம்ம மூஞ்சி மினுமினுன்னு இருக்கு. ஒரே சட்டியா? கெணத்துப் பக்கம் போனேன்னு சொல்லுதா. இன்னும் மறைப்பியளா?

மாடக்கண்ணு: வள்ளி... லைன் பாக்க இலத்தூர்ப் பக்கம் போனா... முக்குல ஒரு பரோட்டாக் கடை. ஒருநாள்தான்னு போனேன். பொறவு... போனேன்.

இசக்கியப்பன்: முழுசாச் சொல்லும்.

மாடக்கண்ணு: பொரிச்ச கோழியும் உண்டு. ஒன் நேர்த்திக்கடனை நான் அப்பவே ஒடைச்சிட்டேண்டி. நீ எனக்காகப் பட்டினி கெடந்தது... ஏட்டி, பூட்டை எதுக்கு எடுக்கே? எங்க போறே? வள்ளி! ஏதாவது பேசு. வையி, அடிச்சாலும் அடி...

வள்ளித்தாய்: ஒங்க காக்கிச் சட்டையத் தொவைச்சது யாருங்க? சால்னா வாடை எனக்குத் தெரியாதா? நீங்க தின்னுட்டு வந்த அன்னைக்கெல்லாம் நான் ஒண்ணை விட்டேன். மொதல்ல தேங்கா. பொறவு பாலு. பொறவு கடலை. ஒங்க கணக்கையும் நானே தீத்துட்டா சாமி கண்டுக்காதுன்னு நெனச்சேன்... தம்பி, வெளிய வந்து அறையைப் பூட்டிட்டேன். சாவி ஒங்கிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுத்திராத.