கலங்கலில் துடுப்புப் பிடித்தவள்

பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நீங்களும் வந்து இருந்ததும் ஹெட்போனை மாட்டி, 'கலங்கல்' அல்பத்தின் கடைசிப் பாட்டைப் போட்டு, கண்ணை மூடினீர்கள். குறையாகச் சொல்லவில்லை, ஸகியா. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஏறாவூரிலிருந்து பஸ் மாறி ஆரையம்பதி வரைக்கும் வந்திருக்கிறீர்கள், கண்ணை மூட உங்களுக்கு உரிமை இருக்கிறது. போனில் பதிவு ஓடட்டும். எனக்கு ஒன்றுமில்லை.

நான் பேசிப் பழகாதவள். பத்தாம் வகுப்பில் பாடத்தை எழும்பி வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறக்க வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. அதனால் நான் சொல்வது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அல்பம் வந்த பிறகு சைக்கடெலிக் ராக் எப்படி மாறியது என்பதுதான் உங்கள் ஆராய்ச்சி என்றீர்கள். அதற்கு நான் உதவக்கூடியவள். மாறியதை எல்லாம் இருந்து கேட்டிருக்கிறேன். முந்தி அந்த வகைப் பாட்டு என்றால் கிட்டாரை இழுத்து, எதிரொலி ஏற்றி, கேட்கிறவனின் தலையைச் சுற்ற வைப்பதுதான் வேலை. 'கலங்கல்' வந்தது, எல்லாரும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். கொழும்பில் ஒரு குழு நீச்சல் குளத்துக்குள் மைக்கைப் போட்டுப் பதிவு செய்தது. சென்னையில் ஒருவர் மிருதங்கத்தை அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டு அடித்தார். மிருதங்கம் ஊறிப்போனது, பாட்டு ஊறவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூட இதற்கு 'வாவி ராக்' என்று பெயர் வைத்து, யார் அசல் யார் போலி என்று இணையத்தில் அடிபடுகிறார்கள். எல்லாரும் போலிதான். அதைச் சொல்ல இத்தனை பக்கம் எழுதத் தேவையில்லை.

அவர்கள் எல்லாரும் களவெடுத்தது அந்தக் கடைசிப் பாட்டில் வருகிற ஒரே ஒரு துண்டைத்தான். முதலில் நீளமாக ஒரு முனகல். பிறகு டொக், டொக் என்று ஒரு தாளம். முதலில் அடுக்கடுக்காக, மறுகா இடைவெளி விட்டு, மறுகா சத்தமே இல்லை. இப்போது எந்த வாவி ராக் பாட்டைக் கேட்டாலும் அப்படித்தான் முடிகிறது. தாளம் தளர்ந்து தளர்ந்து நிற்கும். டிரம்ஸ் அடிக்கிறவர்கள் அதைக் கற்றுக்கொடுக்கும் வீடியோக்கள் இருக்கின்றன. 'மணிக்கட்டைத் தளர விடுங்கள், மனதையும் தளர விடுங்கள்' என்று ஒருவர் சொல்லித்தருகிறார். அது மீன் பாடுவது என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். சிப்பி என்று ஒரு பேராசிரியர் எழுதினார். அது மண்ணின் இதயத் துடிப்பு என்று கவிதை எழுதுகிறவர் ஒருவர் மேடையில் சொன்னார். கல்லடிப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு அதைப் போடுகிறார்கள். இடியப்பத்தைப் பிசைந்துகொண்டு கேட்கிறார்கள்.

அந்தச் சத்தத்தைப் பிடித்தது என் துடுப்பு.

நீங்கள் வாவி என்று எழுதுவீர்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது. நிலவு காலத்தில் துடுப்பின் அகலமான பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும். உங்கள் ஊரிலும் தெரிந்த விஷயம்தான். இந்த அல்பத்தைச் செய்த உதயரூபனுக்கும் அது தெரியும், ஆனால் கொழும்பில் பத்து வருடம் கிட்டார் வாசித்ததில் தோணி விடத் தெரியாது. அப்பாவிடம் வந்து கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். உதயரூபனோடு வந்தவர் சதீசன். அவர் எங்கள் ஊர்தான், கீபோர்ட் வாசிப்பவர், கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசித்துப் பெயர் எடுத்தவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டால்.

துடுப்பின் பிடியில் ஒரு சின்ன மைக்கை டேப் சுற்றி ஒட்டினார்கள். வயர் உதயரூபனின் மடியில் இருந்த பெட்டிக்குப் போகும், அங்கிருந்து அவர் காதுக்கு. என் வேலை துடுப்பைத் தண்ணீரில் வைத்து அசையாமல் பிடிப்பது. கை நடுங்கினாலும் பதிவாகும் என்று சொல்லியிருந்தார். என் கை நடுங்காது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதில் யாரும் எழும்பி நின்று வாசிக்கச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு தரம் போனோம், தண்ணீர் சும்மா கிடந்தது. மூன்றாம் தரம் போகும்போது, இன்றைக்கும் கிடைக்காவிட்டால் உதயரூபன் கொழும்புக்குத் திரும்புவதாக இருந்தது. சதீசனுக்கு அது பகிடி.

"மீனும் கீனும் என்னத்துக்கு மச்சான்? என்ட கீபோர்ட்ல செஞ்சு தாறன். ஒருத்தனுக்கும் விளங்காது."

உதயரூபன் மடியில் இருந்த பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. யோசித்து ஓம் என்றால், பிறகு தோணியும் தேவையில்லை, துடுப்பும் தேவையில்லை. நான் வீட்டில் இருந்து இறால் உரிக்கலாம்.

பிறகு சதீசன் என் பக்கம் திரும்பினார்.

"என்ன புள்ள, உன்ட மீனெல்லாம் உன்னப்போலதானா? வாயே திறக்குதில்ல."

கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பகிடிதான் விட்டார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊர்ப்பக்கம், தென்னைகளுக்கு மேலே நிலவு வந்தது. உதயரூபன் தோணியின் முன்பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஹெட்போனுக்குள் போய், கண்ணை மூடி இருந்தார். சதீசன் நடுவில் எழும்பி நின்று நிலவைப் போனில் வீடியோ எடுத்தார். தோணியில் எழும்பி நிற்கக்கூடாது என்று இந்தக் கரையில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். திருவிழா மேடையில் நின்று பழகியவர். தோணி ஒரு பக்கம் சரிந்தது, வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கினார். பெரிய சத்தம் கூட இல்லை. தோணி ஆடியதும் உதயரூபன் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி, ஆட்டாதீர்கள் என்று காட்டினார்.

அந்த இடத்தில் கம்பு நட்டு இறால் வலை கட்டியிருந்தது. காலில் வலை சுற்றிவிட்டது. தோணியின் விளிம்பைப் பிடிக்க எட்டினார், விரல் நுனி மட்டும் பலகையில் பட்டது. ஒருமுறை 'புள்ள' என்றார். வாய்க்குள் தண்ணீர் போனது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்துதான் கூப்பிட்டார். அது துடுப்பு வழியாக ஏறி, மைக் வழியாகப் போய், உதயரூபனின் காதில் விழுந்தது. அவர் முதுகு நிமிர்ந்தது. "பாடுது," என்றார். மெதுவாகத்தான் சொன்னார், பதிவு கெட்டுவிடும் என்று. "அசையாத புள்ள. பாடுது."

நான் அசையவில்லை.

பிறகு சதீசன் தோணியின் அடியில் கையால் அடித்தார். என் முழங்காலுக்கு நேரே, பலகைக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு அடியும் எலும்பில் தெரிந்தது. தோணியைத் தள்ளுகிற கம்பு பலகையில் உரசிச் சத்தம் போடும் என்று அன்றைக்குக் கரையில் விட்டு வந்திருந்தோம். தோணியில் நீட்டக்கூடியது ஒன்றுதான் இருந்தது, என் கையில். அதை எடுத்திருந்தால் பதிவு நின்றிருக்கும். ஒரு கீபோர்ட்காரர் கரையேறியிருப்பார், அந்தச் சத்தத்தைக் கீபோர்டில் செய்து கொடுத்திருப்பார், நாலு பேர் கேட்டுவிட்டு மறந்திருப்பார்கள். இப்போது பாருங்கள், உலகமே அதைப் பார்த்து எழுதுகிறது. நீங்களும்.

தாளம் நின்ற பிறகுதான் உதயரூபன் கண்ணைத் திறந்தார். திரும்பிப் பார்த்து, சதீசன் எங்கே என்று கேட்டார்.

"இப்பதான்," என்றேன். "இப்பதான் விழுந்தவர்."

உடனே குதித்தேன். வலையை அறுத்தேன். நான்தான் உடலை இழுத்து ஏற்றினேன். ஊர் முழுக்க என்னைப் புகழ்ந்தது, கூச்சப்பட்டு வீட்டுக்குள் இருந்தேன். பதிவு முடிந்த பிறகு விபத்து நடந்தது என்று பொலிசிலும் எழுதினார்கள், பேப்பரிலும் எழுதினார்கள். உதயரூபன் பேட்டிகளில், மீன் பாடிய நேரத்தில் தன் உடம்பு சிலிர்த்துத் தோணியே ஆடியது என்று சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இத்தனை தரம் கேட்டும் அது என்னவென்று விளங்காத காதை வைத்துக்கொண்டு இசைக்கலைஞர் என்று திரிகிறார். உங்களுக்கும் விளங்கவில்லை. அழகு என்றீர்கள்.

அல்பத்தைச் சதீசனின் நினைவுக்கு என்று போட்டார்கள். அவருடைய அம்மா இராசாத்தி மாமி ஒவ்வொரு திவசத்துக்கும் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்து அந்தக் கடைசிப் பாட்டைப் போடுவா. மகன் கடைசியாகக் கேட்ட சத்தம் என்று சொல்லுவா. என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துவா. போன முறை கையைப் பிடித்துக்கொண்டு, "இதக் கேக்கக்குள்ள என்ட புள்ள கிட்ட இருக்கிற மாதிரிக் கிடக்கு மகள்," என்றா. ஓம் மாமி என்றேன். வடை தந்தா, சாப்பிட்டேன். அந்தப் பாட்டைச் சரியாகக் கேட்கிற ஆள் அவ ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்றைத் திருத்த வேண்டும். வழுக்கினார் என்று முதலில் சொன்னேன். தோணியில் பின்னால் இருக்கிறவள் இடுப்பைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்த்தால் போதும், நிற்கிறவர் விழுவார். நான் சாய்த்தேன். தண்ணீருக்குள் வாயைத் திறந்தால் அவர் எப்படி இருப்பார் என்று பார்க்கத்தான். வலை அங்கே இருப்பதும் எனக்குத் தெரியும். அது அப்பாவின் வலை. அன்று காலையில் நானும் அவரும்தான் கட்டினோம்.

நீங்கள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டீர்கள். தேத்தண்ணியும் ஆறிவிட்டது. வேறு போட்டுத் தரவா?

ஏன் இப்போது சொல்கிறேன் என்றுதானே கேட்கப்போகிறீர்கள். உள்ளே ஏதோ உறுத்துகிறது என்று எழுதிவிடாதீர்கள். நான் நன்றாக நித்திரை கொள்கிறேன். போன மாதம் உதயரூபன் 'கலங்கல்' அல்பத்தைப் புதிதாக அடித்த இசைத்தட்டு ஒன்று அனுப்பியிருந்தார், ஜெர்மனியில் யாரோ வெளியிட்டது, கறுப்பாகப் பெரிதாக, நல்ல அட்டை. பழைய அட்டையின் பின்பக்கத்தில், கீழே, சின்ன எழுத்தில் 'துடுப்பு: விதுர்ஷா' என்று என் பெயர் இருந்தது. இதோ, இந்த இடத்தில். புதியதில் அந்த வரி இல்லை. 'நீரடிப் பதிவு: உதயரூபன்' என்று இருக்கிறது. கண்ணை மூடி இருந்தவர் பதிவு செய்தாராம்.

எனக்குப் பெயர் பெரிதில்லை. சின்ன வயதிலிருந்தே கூட்டத்தில் என் பெயரைச் சொன்னால் கூசிப்போகிறவள் நான். இசைக்காகத்தான் சொல்கிறேன். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பிள்ளைகள் பிழையாகப் படிக்கக்கூடாது. இந்தப் பதிவைப் பொலிசுக்குக் கொடுங்கள், கொடுக்காமலும் விடுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் ஆராய்ச்சியில் துடுப்பைப் பிடித்தது யார் என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். சதீசனின் பெயர் பிறகு எங்கேயாவது வந்தால் போதும்.